ஒப்புக்கு ஒரு காய்

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பாத்திரம் பறக்காது, லூடோ பலகை விரியும். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, விடுமுறைக்கு யார் வீட்டுக்குப் போவது, ஆடுகிற நாற்காலியை வைத்துக்கொள்வதா தூக்கிப் போடுவதா, எல்லாவற்றுக்கும் அதுதான் நீதிமன்றம். முதலில் யாருடைய காய் பழமாகிறதோ அவர் சொன்னதே சட்டம். மேல்முறையீடு கிடையாது. கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் கல்யாணமான புதிதில் நாங்கள் வாயால் போட்ட சண்டைகளைக் கேட்டிருந்தால், இது எவ்வளவோ மேல் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நான் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். பேண்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, உடம்பு போட்டவர்களுக்குத் தையலைப் பிரித்து இடம் விடுவது. கடை என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பொந்து. மெஷினும் நானும் உள்ளே போனால் மூன்றாவதாக ஓர் ஊசிக்குத்தான் இடம். ஆனாலும் அங்கே நான் சொல்வதுதான் சொல். நாளைக்கு வாங்க என்றால் நாளைக்குத்தான் வருவார்கள்.

இதன் அருமை உங்களுக்குப் புரியவேண்டுமானால் என் சின்ன வயதைச் சொல்லவேண்டும். வீட்டில் நான் கடைக்குட்டி. எனக்கு மேல் ஒரு பட்டாளமே இருந்தது. அவர்கள் ஓடிப்பிடித்து விளையாடும்போது நானும் வருவேன் என்று அழுவேன். அம்மா உள்ளேயிருந்து, "அவளையும் சேத்துக்கோங்கடா" என்று கத்துவாள். பெரிய அண்ணன் உடனே சொல்வான், "சரி வா, நீ ஒப்புக்குச் சப்பாணி." அதாவது ஆட்டத்தில் இருக்கலாம், கணக்கில் வரமுடியாது. ஓடலாம், யாரும் துரத்தமாட்டார்கள். யாரையாவது தொட்டால் அவன் அவுட் இல்லை. பிடிக்க வருகிறவனுக்கு முன்னால் வேண்டுமென்றே போய் நிற்பேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடுவான். அவுட் ஆவதைவிட, அவுட் ஆக்கக்கூட ஆளில்லாமல் நிற்பதுதான் பெரிய அவமானம் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்துவிட்டது.

அப்படிப்பட்ட நானேதான் பச்சைக் காய்க்கு அந்தப் பேரை வைத்தேன். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் காட்டுகிற கதைதான். இரண்டு பேர் மட்டும் ஆடினால் லூடோ உப்பில்லாத பண்டம். அதனால் எனக்கு மஞ்சள், அவருக்கு நீலம், மூன்றாவதாகப் பச்சையை ஒப்புக்கு வைத்துக்கொண்டோம். ஞாபகம் வந்தால் அதற்காக ஒருவர் பகடையை உருட்டுவோம். அது யாரையும் வெட்டக்கூடாது, அதையும் யாரும் வெட்டக்கூடாது. போனால் போகும், நின்றால் நிற்கும். பெரும்பாலும் அது வீட்டைவிட்டு இறங்கி நாலு கட்டம் தாண்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். "ஒப்பு" என்று செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்தோம். ஜன்னல் பக்கத்து ஸ்டூல் அதன் இடம். "ஒப்புக்கு டீ போட்டியா?" என்பார் இவர். நானும் விளையாட்டுக்கு மூன்றாவது டம்ளரில் கொஞ்சம் ஊற்றி அந்தப் பக்கம் வைப்பேன். குழந்தை இல்லாத வீட்டில் இப்படி ஏதாவது கிறுக்கு முளைக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் இவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் பேச்சு வந்தது. பதவி உயர்வோடு. இவருக்குக் கீழே மெக்கானிக்குகள் இருப்பார்கள், இவர் கையில் கிரீஸ் படாது. எனக்கோ அந்த ஊரில் ஈ காக்கைகூடத் தெரியாது. கடையை மூடிவிட்டு அங்கே போய் இன்னாருடைய மனைவி என்று உட்கார்ந்திருக்கவேண்டும். வாரம் முழுக்க முறைத்துக்கொண்டோம். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் இவரே பலகையை எடுத்து வந்து விரித்தார்.

"நான் ஜெயிச்சா கிளம்பறோம். நீ ஜெயிச்சா இங்கயே இருக்கோம். பேச்சு மாறக் கூடாது."

"நான் எப்பங்க மாறியிருக்கேன்?"

"அதான் சொல்றேன்" என்றார்.

நல்ல வெயில். ஜன்னல் திறந்திருந்தது. இரண்டு பேரும் கோபத்தில் இருந்ததால் ஒரு சுற்றுகூட விடாமல் ஒழுங்காக உருட்டினோம், பச்சைக்கும் சேர்த்து. மறந்துவிட்டால் மற்றவர் அதை வைத்து ஏதாவது போங்கு பண்ணுவார் என்கிற சந்தேகம். பச்சைக்கு எடுத்த எடுப்பில் ஆறு விழுந்தது. மறுபடியும் ஆறு. நான் உருட்டினாலும் ஆறு, அவர் உருட்டினாலும் ஆறு. முதலில் சிரித்தோம். "ஒப்புக்கு யோகம்" என்றார் இவர். அப்புறம் சிரிக்கவில்லை. நீலம் என் மஞ்சளைவிட நன்றாக முன்னால் போய்க்கொண்டிருந்தது, பச்சை அதையும் தாண்டிப் போய் நடு வீட்டுக்குள் ஏறியது. முதல் பழம் பச்சைக்கு.

இவர் பகடையை எடுத்துக்கொண்டார். "சரி, அது போகட்டும். நம்ம ரெண்டு பேர்ல யார்னு பாப்போம். உன் முறை."

"என்ன பாக்கறது? ஆட்டம் முடிஞ்சுபோச்சு."

"எங்க முடிஞ்சுது? அது ஒப்புக்குதானே."

"ஒப்புக்கா இருந்தா என்ன? முதல் பழம் யாருக்கோ அவங்கதான் ஜெயிச்சாங்க. நீங்க சொன்ன சட்டம்."

"ஏய், ஒப்புக்குன்னா கணக்குல வராதுன்னு அர்த்தம். தோக்கப் போறேன்னு தெரிஞ்சதும் அழுகுணி ஆட்டம் ஆடறியா?"

தோற்கப்போகிறேன் என்று தெரிந்துதான் பேசினேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. கணக்கில் வராது என்று அவர் சொன்ன தொனி இருக்கிறதே, அது பெரிய அண்ணன் தொனி.

"உருட்டினது நிஜ டைஸ். போனது நிஜக் கட்டம். அப்புறம் ஜெயிச்சது மட்டும் பொய்யா?" என்றேன்.

"சரி, அப்ப ஒப்பு என்ன சொல்லுதுன்னு கேளு. போலாமா, இருக்கலாமா?"

"இருக்கலாம்னுதான் சொல்லும். அதுக்கு வேற ஊர்ல யாரைத் தெரியும்?"

ஒரு கணம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்குமா? அவர் என் கடையைப் பொந்து என்றார். நான் மட்டும்தான் அதைப் பொந்து என்று சொல்லலாம். நான் அவர் சம்பளத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் எழுந்து, தன் நீலக் காய்களையெல்லாம் வாரி எடுத்து மேஜைமேல் போட்டார்.

"சரிம்மா. ஒப்பு ஜெயிச்சாச்சு. அதுதான் ஆளு. இனிமே இந்த வீட்ல நான்தான் ஒப்புக்கு. போதுமா?"

"போதும்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஊரில் எத்தனை புருஷன்மார் சொல்லியிருப்பார்கள், எத்தனை பெண்டாட்டிகள் போதும் என்றிருப்பார்கள். டம்ளர்களை எடுத்துப்போகும்போது, வழக்கம்போல ஒப்புக்கு ஊற்றி வைத்த மூன்றாவது டம்ளர் காலியாக இருந்தது.

"இதையும் நீங்கதான் குடிச்சீங்களா?"

"ஆறின டீயை நான் எதுக்குக் குடிக்கிறேன்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறுநாள் சாயங்காலம் இவர் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவு இவர் நுழையும்போதே மூடிக்கொண்டதாம். நடுவில் ஆள் நின்றால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அதற்கென்று கண் வைத்திருக்கிறார்கள். அது இவரைப் பார்க்கவில்லை. "நானே போன மாசம் மாத்தின சென்சார்" என்று திட்டினார். நான் உள்ளூர மகிழ்ந்தேன், நன்றாக வேண்டும் என்று. அடுத்த நாள் எங்கள் தளத்துத் தாழ்வார விளக்கு எரியவில்லை என்றார். ஜன்னலே இல்லாத தாழ்வாரம் அது, பகலிலும் இருட்டு. ஆள் நடந்தால் எரிகிற விளக்கு. நான் போய் நின்றேன், எரிந்தது. அவர் வந்தார், எரியவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெக்கானிக்குக்கு முகம் செத்துவிட்டது.

ஆபீசில் மாற்றலை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. "நான் எதிர்லதான் நின்னுட்டு இருந்தேன். எனக்குப் பின்னாடி இருக்கறவன்கிட்ட பேசற மாதிரி பேசினாங்க" என்றார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கடை பிழைத்தது. அன்றைக்கு ஒரு பேண்ட்டுக்கு ஜிப் வைக்கும்போது தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தப்பு பண்ணியதில்லை.

பிறகு சட்டை விஷயம். இவருக்குக் கை குட்டை. எந்தச் சட்டை வாங்கினாலும் கையை உள்ளே மடித்துத் தைத்துத்தான் கொடுப்பேன். பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகளை எடுக்கப் போனபோது, ஒன்றின் கை நீளமாகத் தொங்குவதைப் பார்த்தேன். என் மடிப்புப் பிரிக்கப்பட்டிருந்தது. இழுத்துக் கிழிக்கவில்லை. ஒவ்வொரு தையலாக, துணியில் ஓட்டை விழாமல், நான் எப்படிப் பிரிப்பேனோ அப்படியே பிரித்திருந்தது. எல்லாச் சட்டைகளும் அப்படித்தான் இருந்தன. முழங்கை வளைகிற இடத்தில் துணி தளர்ந்திருக்கும் இல்லையா, அந்தத் தளர்ச்சி இவர் முழங்கை இருக்கும் இடத்துக்குக் கீழே இருந்தது. வேறு யாரோ போட்டுப் பழகிய சட்டை. துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இவரிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே அவர் பேச்சு பாதிப் பாதியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆரம்பிப்பார், நடுவில் விட்டுவிடுவார். பசிக்கவில்லை என்பார். வீட்டுக்குள் நடக்கும்போது சுவரை ஒட்டி, யாருக்கோ வழிவிட்டு நடப்பதைப்போல நடந்தார்.

சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டு டீச்சர் வந்தார். ஜிப் பிய்ந்துபோன பள்ளிக்கூடப் பை ஒன்று கையில் இருந்தது. டீச்சர் நல்ல மாதிரி, கொஞ்சம் வாய் நீளம். உள்ளே வந்ததும் நேராக இவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போய் உட்காரப் போனார். இவர் அவசரமாக எழுந்து ஒதுங்கினார். டீச்சர் சாவகாசமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், இவர் இருந்தாரே, பாக்கலையா?" என்றேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

"யாரு, உங்க வீட்டுக்காரரா? அதான் இருக்காரே" என்று டீச்சர் ஜன்னல் பக்கத்து ஸ்டூலைப் பார்த்துத் தலையசைத்தார். "நேத்துக்கூட படியில பாத்தேன். வணக்கம் சொன்னா சிரிக்கிறார், பேசமாட்டேங்கிறார். என்னங்க, இந்த வயசுல உயரமாயிட்டாரா?"

ஸ்டூலில் வெயில்தான் இருந்தது. இவர் சுவரோரமாக நின்று அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பையைத் திங்கட்கிழமை கடையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி டீச்சரை அனுப்பினேன். கதவைச் சாத்தியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன், யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல். "போதும்னு சொன்னது சும்மா. கோபத்துல சொன்னது. ஒப்பு கணக்குல இல்ல. அவர்தான் கணக்கு."

ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டூல் லேசாக முனகியது, யாரோ காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தமாதிரி.

"விடு" என்றார் இவர். "ஒரு இடத்துல ஒருத்தர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

எனக்கு அவர் வேண்டும். இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கடையும் வேண்டும், அவரும் வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் அவர்தான் வேண்டும். அதை அப்போது தரையில் உட்கார்ந்துகொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு மதியம் மறுபடி பலகையை விரித்தேன். பலகையால் வந்தது பலகையால்தான் போகவேண்டும். இவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து எதிரில் உட்காரவைத்தேன். கை சில்லென்று இருந்தது. ஸ்டூல் பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"அதே சட்டம்தான். முதல் பழம் யாருக்கோ அவங்க பேச்சு."

நான் ஜெயித்தால், அவரும் கடையும் எனக்கே என்று சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. என் காய்க்கு நான் உருட்டினேன். நீலத்துக்கும் நான்தான் உருட்டினேன். பச்சையின் முறை வரும்போது பகடையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். திரும்பினால் எண் மாறியிருக்கும், காயும் நகர்ந்திருக்கும். உருளுகிற சத்தம் மட்டும் கேட்காது.

பச்சை என்னை வெட்டியது. ஆமாம், இப்போது அதற்கு வெட்ட உரிமை உண்டு. நான் அதை ஒருமுறை வெட்டினேன். ஸ்டூல் பக்கமிருந்து ஒரு மூச்சு விடுகிற சத்தம் வந்தது, கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. நீலம் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் தொடாமல் போய்க்கொண்டிருந்தது. என் காய் அதன் மேல் ஏறி நின்றது, பச்சை அதன் மேல் ஏறி நின்றது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஒரு தடவை நீலத்துக்கு ஐந்து விழுந்தது. நான் கைதவறி நாலு கட்டம்தான் வைத்தேன். அரைக் கட்டத்துக்கு ஊரைக் கூட்டுகிற மனுஷன் அவர்.

"ஏங்க, ஒண்ணு கம்மியா வெச்சுட்டேன்."

"பரவால்ல" என்றார். "என் முறை வந்தா மட்டும் சொல்லு."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது நான். பிடிக்க வருகிறவனுக்கு முன்னால் போய் நின்று நின்று, கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு, பரவாயில்லை நீங்கள் விளையாடுங்கள் என்று சொன்ன நான். அப்போது யாராவது ஒருத்தர், யாரோ ஒருத்தர், ஓடிவந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து 'அவுட்' என்று கத்தியிருந்தால் போதும். அழுதிருப்பேன். ஆனால் ஆட்டத்துக்குள் வந்திருப்பேன்.

பகடையை உருட்டினேன். மூன்று.

என் முன் காய் பழமாக இன்னும் மூன்றே கட்டம். எடுத்து வைத்தால் ஜெயித்துவிட்டேன், நான் சொல்வதுதான் சட்டம். பச்சையும் தன் வீட்டு வரிசையில் ஏறி நெருங்கி நின்றது, இதை விட்டால் அடுத்த முறை அதற்குத்தான். என் இன்னொரு காய் வெகு பின்னால் இருந்தது. அதற்கு மூன்று கட்டம் முன்னால் நீலம். நீலமும் ஏறக்குறைய சுற்றி முடித்துவிட்டது, வீட்டுக்குள் ஏறவேண்டிய நேரம்.

ஜெயித்தபிறகு என்ன சொல்வேன் என்று யோசித்தேன். ஒப்புக்கு இருக்கிறவரை ஒருவர் சொல்லால் உள்ளே கொண்டுவர முடியுமா? அம்மா சொன்னாளே, அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. சொல்லித்தானே ஒப்புக்குச் சப்பாணி ஆனேன்.

பின் காயை எடுத்தேன். மூன்று கட்டம் எண்ணி, நீலத்தின் தலையில் ணங்கென்று வைத்து, அதைத் தட்டிவிட்டேன். அது பலகையைத் தாண்டி மேஜையில் உருண்டது.

"வெட்டு" என்றேன்.

ஸ்டூல் கிறீச்சிட்டு நகர்ந்தது. அறைக்குள் காற்று ஒரு பக்கமாகக் கூடி வந்து என் கன்னத்தில் நின்றது. சட்டப்படி தப்பு என்று அது சொல்கிறது, எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒப்புக்கு இருப்பதை வெட்டக்கூடாது.

"அது ஒப்பு இல்ல" என்றேன். "அது என் வீட்டுக்காரர் காய். வெட்டினேன். செத்துச்சு. திரும்பவும் ஆறு போட்டுட்டு வரட்டும்."

இவர் பலகையைப் பார்த்தார். மேஜையில் கிடந்த நீலக் காயைப் பார்த்தார். முகத்தில் மெதுவாக ரத்தம் ஏறியது.

"ஏய்" என்றார். "பழமாகப் போற காயையாடி வெட்டின?"

"ஆமா."

"உனக்கு அந்தப் பக்கம் மூணுல பழம் நிக்குது. அதை விட்டுட்டு என்னை வெட்டணும்னே வெட்டியிருக்க. இது என்ன வயித்தெரிச்சல்?"

"வயித்தெரிச்சல்தான். என்ன பண்ணுவீங்க?"

"நீயும் உன் ஆட்டமும். அப்ப அந்த அஞ்சுக்கு நாலு வெச்சதும் வேணும்னுதானா? போங்கு. சுத்தப் போங்கு." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கதவைப் படாரென்று திறந்துகொண்டு தாழ்வாரத்துக்குப் போனார்.

விளக்கு எரிந்தது.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர் விளக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையைத் தூக்கினார், இறக்கினார். இரண்டு அடி நடந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு, வெட்கமில்லாமல் சத்தம்போட்டு அழுதேன். டீச்சர் கதவைத் திறந்து, "என்னங்க, ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டார். இவரைப் பார்த்துத்தான் கேட்டார். "ஆமா டீச்சர், நல்ல சண்டை" என்றேன்.

திரும்ப உள்ளே வந்தபோது பகடை ஜன்னல் பக்கம் இருந்தது. பச்சைக் காய் நடு வீட்டில் ஏறியிருந்தது. பழம்.

அதன் பிறகு அந்த வீட்டில் இருக்க எனக்கு மனம் வரவில்லை. மாற்றலுக்குப் போனவன் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பிவிட்டான், மறுபடி இவரைக் கேட்டார்கள். "என்ன சொல்ல? பலகையை எடுக்கவா?" என்றார். "வேண்டாம், போகலாம்" என்றேன். முதல் தடவையாக ஒரு முடிவை லூடோ இல்லாமல் எடுத்தோம். போர்டைக் கழற்றி மெஷினோடு உள்ளே வைத்து, கடையைப் பூட்டி, சாவியைக் கட்டடத்துக்காரரிடம் கொடுத்தேன். போர்டில் இருந்தது கடைக்கு நான் வைத்த பெயர், வலிக்காமல் இருக்குமா?

புது ஊரில் சாமான் பிரிக்கும்போது லூடோ பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் இருந்தது, நீலம் இருந்தது, யாருமே ஆடாத சிவப்பும் இருந்தது. பச்சை இல்லை. பெட்டியில் பச்சை இருக்கவேண்டிய குழி மட்டும் காலியாக இருந்தது. நான் இவரிடம் காட்டினேன். இவர் மூடியைப் போட்டு மூடினார்.

போன வாரம் டீச்சர் ஃபோன் பண்ணினார். இவரும் நானும் மதியம் சாப்பிட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் ஆட்டம், உப்பில்லாமல்தான் இருக்கிறது.

"என்னங்க, ஊருக்குப் போறோம்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் டீச்சர்.

"யாரு, நாங்களா?"

"நேத்து உங்க கடை திறந்திருந்துச்சு. பை ஜிப் மறுபடியும் பிஞ்சுபோச்சுன்னு கொண்டு போனேன். உக்காந்து தச்சுக் குடுத்தீங்களே. குனிஞ்ச தலை நிமிரல, ஒரு வார்த்தை பேசல. கோபமா இருக்கீங்களோன்னு நினைச்சேன். ஆனா சொல்லக் கூடாது, வேலை முன்னைவிட சுத்தம். பழைய ஜிப்பைப் பிரிச்ச இடமே தெரியல."

பொந்துக்குள் அந்த மெஷின், அந்த வெளிச்சம், என் குனிந்த முதுகு. எப்படியும் அது சொன்னபடிதான் நடந்திருக்கிறது. ஜெயித்தது அது. இருக்கலாம்னுதான் சொல்லும் என்றேன், இருக்கிறது. அங்கே நாளைக்கு வாங்க என்று சொல்லாமலேயே நாளைக்கு வருவார்கள்.

"டீச்சர், கை நீளமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"என்ன கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் பேசறேன்."

ஃபோனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்று தோன்றியது. பகடையை எடுத்து உருட்டினார். கட்டங்களை எண்ணினார், இரண்டாவது தடவையும் எண்ணினார். வீட்டுக்குள் ஏற இன்னும் இரண்டு கட்டமே இருந்த என் மஞ்சள் காயின் தலையில் தன் நீலத்தை ஓங்கி வைத்தார்.

"வெட்டு" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. "அதெப்படி, இந்தக் கட்டத்துல வெட்டக் கூடாதுன்னு போன தடவையே பேசினோமே" என்று சண்டைக்குப் போனேன்.